ஆழ்ந்த "இறங்கல்"

நம் குழு வைத்த அஞ்சலி பிளெக்ஸில் "ஆழ்ந்த இறங்கல்" என்று அச்சாகியிருந்தது. அந்தப் படத்தை மறுபடி இங்கே போடப்போவதில்லை. எல்லோரும் பார்த்ததுதான். நான் சொன்னது ஒரே ஒரு எழுத்து. "இறங்கல்" இல்லை, "இரங்கல்". அதற்குள் "சாவு வீட்டில் இலக்கணம் பேசுகிற ஜென்மம்" ஆகிவிட்டேன். குழுவிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். சந்தோஷம்.

மனசு இரங்கும். பஸ்ஸிலிருந்து இறங்குவோம். "ஆழ்ந்த இறங்கல்" என்றால் கிணற்றில் தூர் வாரப் போவது.

வேறு யாருக்காவது வைத்திருந்தால் கடந்து போயிருப்பேன். (பொய். போயிருக்க மாட்டேன். ஆனால் இவ்வளவு எரிந்திருக்காது.) இது தமிழய்யாவுக்கு வைத்த பிளெக்ஸ். எட்டாம் வகுப்பில் ஒவ்வொருத்தனாக எழுப்பி நாக்கை மடக்கச் சொன்னவர். ர சொல்லும்போது நுனிநாக்கு அண்ணத்தை வருட வேண்டும், ற சொல்லும்போது ஒற்ற வேண்டும், தொல்காப்பியரே சொல்லியிருக்கிறார் என்பார். "அரை மணி"யை "அறை மணி" என்று எழுதியவனிடம் "அறையட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் திருத்துவார். அவர் தலைக்கு மேலே அந்த ற!

"அர்த்தம் புரிந்தால் போதாதா?" என்கிறார் ஒரு தம்பி. புரிகிறது தம்பி. பக்கத்தில் மாலை போட்ட படம் இருப்பதால் புரிகிறது. படத்தை எடுத்துவிட்டுப் படித்துப் பார்.

"போன் தானாகப் போட்டுவிட்டது" என்று இன்னொருவர். போன் என்ன செய்யும்? ஆங்கில எழுத்தில் அடித்தால் ரெண்டையும்தான் காட்டும். "இறங்கல்" நல்ல தமிழ்ச் சொல், அதனால் சிவப்புக் கோடும் விழாது. பார்த்துத் தொடவேண்டியது உங்கள் விரல்.

பேச்சில் ரெண்டும் ஒன்றுதானே என்றால், சரி, நம் பக்கம் ஒன்றாகிவிட்டதுதான். நாகர்கோவில் பக்கம் போனால் வித்தியாசம் இன்னும் காதில் விழும். நமக்குக் காதில் விழாததால்தான் கண்ணால் பார்த்து எழுதச் சொல்கிறேன்.

ஒருவர் எனக்குக் குறளையே எடுத்துப் போட்டார். "அறம்போலும் கூர்மைய ரேனும்" என்று. மக்கட்பண்பு இல்லாதவன் மரம் என்று சொல்ல வந்திருக்கிறார். மரமாகவே இருந்துவிட்டுப் போகிறேன். ஆனால் 997ஆம் குறளில் இருப்பது அரம், ஐயா. இரும்பை ராவுகிற அரம். திட்டுகிறவராவது எழுத்தைப் பார்த்துத் திட்டக்கூடாதா?

நான் மட்டும் யோக்கியமா? இல்லை. பிரஸ்ஸில் புரூஃப் பார்த்த காலத்தில் ஒரு கருமாதி கார்டில் "அன்னாரின்" என்பது "அண்ணாரின்" என்று வந்ததைக் கவனிக்காமல் விட்டேன். அன்னார் என்றால் அவர். அண்ணார் என்று படித்தால் அண்ணன் ஞாபகம்தான் வரும். இறந்தது ஒரு பாட்டி. மகன் மொட்டைத் தலையோடு வந்து, கார்டை மேஜையில் வைத்து, அந்த வார்த்தைமேல் விரலை வைத்து, "எங்கம்மா உங்களுக்கு அண்ணனாங்க?" என்று மட்டும் கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை. 200 கார்டு மறுபடி அடித்தோம், செலவை என் சம்பளத்தில் பிடித்தார்கள். சாவு வீட்டில் எழுத்து முக்கியமில்லை என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

என் கோபம் முழுக்க அந்த ற மேல்தானா என்று எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது. பிளெக்ஸுக்கு 500 ரூபாய் அனுப்பியாச்சா என்று என்னை மூன்று தடவை கேட்டார்கள். வாசகம் சரியா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று ராத்திரி பதினொரு மணி வரை சண்டை. அவரவர் பெயரை அவரவர் சரிபார்த்தார்கள். என் பெயரில்கூட ஒரு பிழை இல்லை, பாருங்கள். ஐயா படத்துக்கு மேலே இருந்ததை ஒருத்தரும் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு. பேனர் அடிக்கும் முன்பு வாசகத்தை யாராவது எனக்கு அனுப்புங்கள். குழுவில் வேண்டாம், அங்கேதான் நான் இல்லையே. இன்பாக்ஸில் போதும்.