பள்ளிவாசல் சந்தும் குறுக்கே நிக்கிற பைக்கும்

கீழக்கரை சந்துகள் எவ்வளவு குறுகல்னு ஊர்க்காரங்களுக்குத் தெரியும். எதிரெதிரே ரெண்டு ஆட்டோ வந்தா ஒண்ணு பின்னாடி போயே ஆகணும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு வர்றவங்க அங்கதான் பைக்கைக் குறுக்கும் நெடுக்குமா போட்டுட்டுப் பள்ளிக்குள்ள போயிடுறாங்க. போன வெள்ளி, கம்பு ஊன்றி நடக்குற ஒரு பெத்தம்மா உடம்பை ஒருக்களிச்சு நகர்ந்து வந்தாங்க. ஹேண்டில்பார்ல துப்பட்டி மாட்டிக்கிச்சு. காலுக்குப் பக்கத்துல சைலன்சர் சூடு. பார்க்கவே வயிறு எரிஞ்சுச்சு.

கேட்டா, "தொழுகைக்குத்தானே காக்கா, கொஞ்ச நேரம்தானே"ங்கிறாங்க. தொழுகைக்குப் போறவருக்குத்தானே இது முதல்ல தெரியணும்! ஈமானுக்கு, அதாவது இறைநம்பிக்கைக்கு, 70-க்கும் மேல கிளைகள், அதுல ஆகக் கடைசி பாதையில கிடக்குற தொல்லையை அகற்றுறதுன்னு நபி (ஸல்) சொல்லியிருக்காங்க. அகற்றச் சொன்ன தொல்லையை நாமளே கொண்டுவந்து நிறுத்துறோம். தெருவுல உட்காராம முடியாதுன்னு சொன்ன தோழர்கள்கிட்ட நபி (ஸல்), அப்படின்னா தெருவுக்கு அதோட உரிமையைக் கொடுங்கன்னாங்க. பார்வையைத் தாழ்த்துறது, ஸலாமுக்குப் பதில் சொல்றது, யாருக்கும் தொல்லை தராம இருக்குறது எல்லாம் அந்த உரிமையில சேர்த்தி.

தொழுகை முடிஞ்சா ஹாரன் சத்தம் வேற. குரலைத் தாழ்த்துன்னு லுக்மான்ங்கிற ஞானி தன் மகனுக்குச் சொன்ன புத்தி குர்ஆன்லயே (31:19) இருக்கு.

தள்ளி ஒரு திடல்ல விட்டுட்டு நடந்து வரலாம். பள்ளிக்கு நடக்குற ஒவ்வொரு எட்டுக்கும் நன்மைன்னு பயான்ல, அதாவது மார்க்கச் சொற்பொழிவுல, கேட்கத்தானே செய்றோம்? முடியலைன்னா ஒரு ஓரமாவாவது விடுங்க. பள்ளியை நிர்வகிக்கிற ஜமாஅத்துலயும் சொல்லியாச்சு, இன்னும் ஒண்ணும் நடக்கல.