உள்ளே ஆள் இருக்கு

(காரின் முன்கதவு திறந்து கிடக்கிறது. பக்கத்து சீட்டு முழுக்கப் பெட்டி. தம்பி ஸ்க்ரூ டிரைவரைக் கதவிடுக்கில் சொருகப் போகிறான்.)

அக்கா: டேய், நிறுத்து! எதுக்குடா அது?

தம்பி: டோர் பேடை, அதான் கதவோட உள்பக்க மூடியை, கழட்ட. பழசு வெளுத்துப் போச்சு, புதுசு வாங்கியாச்சு. நெம்பினா வந்துடும்க்கா.

அக்கா: வரும். கூடவே கதவு பெயிண்டும் வரும். பெட்டியில பிளாஸ்டிக் பட்டை ஒண்ணு இருக்கே, அதால நெம்பு.

தம்பி: அதுவா? கதவுல எங்க மாட்டுறதுன்னு காலையிலேர்ந்து தேடிட்டிருந்தேன்.

அக்கா: முதல்ல ஸ்க்ரூவைத் தேடு. கதவை இழுத்துச் சாத்துற பிடியோட குழியில குட்டியா ஒரு மூடி, திறக்குற கைப்பிடிக்குப் பின்னாடி இன்னொரு மூடி. ஸ்க்ரூ அதுக்கடியிலதான் ஒளிஞ்சிருக்கும். சில வண்டியில கீழ் ஓரத்துலயும் இருக்கும். அதை விட்டுட்டு இழுத்தா பேடு பிளக்கும், ஸ்க்ரூ அசையாம உக்காந்திருக்கும்.

தம்பி: மூணு வந்துச்சு. இழுக்கவா?

அக்கா: கீழ் மூலையில ஆரம்பி. பேடைக் கதவு ஓட்டையில பிடிச்சு வச்சிருக்கறது பிளாஸ்டிக் கிளிப்புங்க. பட்டையைக் கிளிப்புக்கு ஒட்டிக் குடுத்து நெம்பு. ரெண்டு கிளிப்புக்கு நடுவுல நெம்பினா பேடுதான் வளையும்.

(டப்!)

தம்பி: வந்துடுச்சு!

அக்கா: பாதி வந்துடுச்சு. மீதி கதவு ஓட்டையிலயே நிக்குது பாரு. வெயில் குடிச்ச பிளாஸ்டிக், அப்படித்தான் முறியும். ஹேர் டிரையர்ல லேசா சூடு காட்டிட்டு எடு. எப்படியும் நாலஞ்சு போகும். அதே அளவுல குறைஞ்சது பத்து புது கிளிப்பு கையில வச்சுக்கிட்டுத்தான் கதவைத் தொடணும்.

தம்பி: ரெண்டு குறைஞ்சா என்ன ஆயிடும்?

அக்கா: நீ பாட்டு போட்டா கதவும் கூடப் பாடும். சரி, இப்ப உன் பக்கம் இழுக்காத, மேல தூக்கு. மேல் விளிம்பு கண்ணாடியோரத்துல கொக்கி போட்டிருக்கு. தூக்கினதும் கையை விட்டுடாத, பின்னாடி சுவிட்சுக்குப் போற ஒயரும், கைப்பிடியிலேர்ந்து பூட்டுக்குப் போற கேபிளும் இருக்கும். ஒயரை இணைக்கிற கப்ளரோட நாக்கை அமுக்கித்தான் பிரிக்கணும், ஒயரை இழுக்கக் கூடாது. மஞ்சள் கப்ளர் ஏதாவது கண்ணுல பட்டா கையே வைக்காத, அது ஏர்பேக் லைன்.

தம்பி: கறுப்புதான். ஆமா, உள்ள பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டி வச்சிருக்கான். பேக்கிங்கைப் பிரிக்க மறந்துட்டான் போல. கிழிச்சிடவா?

அக்கா: கையை எடு! மழைத்தண்ணி கண்ணாடியோரமா கதவுக்குள்ள இறங்கி, அடி ஓட்டை வழியா வெளிய போகும். அதை இந்தப் பக்கம் வர விடாம நிறுத்துறதே அந்த ஷீட்தான். அதைக் கிழிச்சா கார்ப்பெட் ஊறும், வண்டி நாறும். நீ ஏசி மேல பழியைப் போட்டு அதையும் கழட்டுவ.

தம்பி: சரிக்கா, புதுப் பேடை நான் மாட்டிக்கறேன். நீ வண்டிக்குள்ள அழகுக்கு ஒட்டுற அந்த மரக்கலர் துண்டுங்களைப் பாரு. 14 இருக்கு. டேப்பை உரிச்சு ஒட்டுறது மட்டும்தான் வேலை.

அக்கா: (பெட்டியைக் கிளறி) உரிச்சிட்டியா?

தம்பி: இன்னும் இல்ல.

அக்கா: பொழைச்ச. உரிக்காம ஒவ்வொண்ணா அதது இடத்துல வச்சுப் பாக்கணும். கியர்கிட்ட வர்ற இந்தத் துண்டைப் பாரு, நீளமா ஒரு கோடுதான் வெட்டியிருக்கான். ஆட்டோமேட்டிக் வண்டிக்கானது. உன் வண்டியில கையால கியர் போடணும்.

தம்பி: நேர்கோட்டுல மட்டும் கியர் போட்டுக்கறேனே?

அக்கா: போடலாம், மூணுலயும் நாலுலயும் மட்டும் ஓட்டிக்க. இது திரும்பிப் போகட்டும். அப்புறம், கண்ணாடியோரத் தூணுக்கு ரெண்டு துண்டு குடுத்திருக்கான். அந்தத் தூண்ல என்ன எழுதியிருக்கு?

தம்பி: ஏர்பேக்னு. இதை ஒட்டினா அந்த எழுத்து மறைஞ்சு நீட்டா ஆயிடும்.

அக்கா: உள்ள பலூன் வெடிக்கறப்ப இந்தத் துண்டு நேரா உன் மூஞ்சிக்கு வரும். இதையும் எடுத்து வை. மீதி 11. டேஷ்போர்டு ஏண்டா இப்படிப் பளபளக்குது?

தம்பி: நல்லா ஒட்டணுமேன்னு பாலிஷ் போட்டுத் தொடச்சேன்.

அக்கா: சிலிகான் பாலிஷா?

தம்பி: நல்ல பாலிஷ்தான்கா.

அக்கா: நல்ல பாலிஷ்னா டேப் இன்னும் நல்லா வழுக்கும். சோப்புத் தண்ணியில தொடச்சு, காஞ்சப்புறம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நனைச்ச துணியால இன்னொரு தடவை தொடைக்கணும். அதுக்கப்புறம் விரல் ரேகை கூடப் படக் கூடாது. சொரசொரப்பான இடம்னா டேப் மேடுங்களை மட்டும்தான் தொடும், அங்க டேப் நல்லாப் பிடிக்க வைக்கிற பிரைமர் தடவணும். 21-லேர்ந்து 38 டிகிரிக்குள்ள இருக்கறப்ப ஒட்டு. குளிர்ல டேப் விறைச்சுக்கும், பிடிக்காது. முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் ஓரத்தை நகத்தால தூக்கி 'பிடிச்சிருச்சா'ன்னு பாக்காத. பாப்ப நீ.

(பதில் இல்லை. புதுப் பேடு மாட்டிய கதவு சாத்திக் கிடக்கிறது. உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டும் சத்தம்.)

தம்பி: (உள்ளிருந்து) அக்கா! கைப்பிடி லொட லொடன்னு ஆடுது, கதவு திறக்க மாட்டேங்குது!

அக்கா: கேபிளைக் கொக்கியில மாட்டினியா?

தம்பி: எந்தக் கேபிள்?

அக்கா: ஜன்னலை இறக்கு.

தம்பி: சுவிட்சும் வேலை செய்யல!

அக்கா: கப்ளரும் போடலையா. பேடை அமுக்கறதுக்கு முன்னாடி ரெண்டையும் மாட்டி, கதவைத் திறந்து வச்சபடியே பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால தள்ளி மூடிட்டு, கைப்பிடியை இழுத்தா விடுபடுதான்னு பாக்கணும். நீ ஆசைப்பட்ட ஸ்க்ரூ டிரைவருக்கு அங்கதான் வேலை.

தம்பி: வெளிய இருந்து திற. திறக்கும்ல?

அக்கா: தாராளமா. ஒட்டுறப்ப ஒவ்வொரு துண்டையும் 30 செகண்டு அமுக்கிப் பிடிக்கணும். பிடிப்பியா?

தம்பி: 11 துண்டுக்கு அஞ்சரை நிமிஷம்தானே! பிடிக்கறேன், திற!

அக்கா: அதுக்கு முன்னாடி பாலிஷைத் தொடைக்கணுமே. சோப்புத் துணி இந்தா.

தம்பி: ஜன்னல்தான் இறங்கலையே, எப்படிக் குடுப்ப?

அக்கா: கதவைத் திறந்துதான். வாங்கிட்டு மறுபடி சாத்திக்க.