ஷேக்ஸ்பியர் எழுதியது பழைய ஆங்கிலம் அல்ல

"ஷேக்ஸ்பியர் பழைய ஆங்கிலத்தில் எழுதினார்" என்று மாணவர்களிடையே சுற்றும் குறிப்பு தவறு. பழைய ஆங்கிலத்தின் காலம் சுமார் 450 முதல் 1100 வரை. பேவுல்ஃப் காப்பியம் அதில்தான் இருக்கிறது. 1731 தீயில் ஓரம் கருகிய அதன் ஒரே கையெழுத்துப் பிரதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை விகுதிகள், உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் என்று அந்த மொழி இருப்பதால், இன்றைய ஆங்கிலேயரே தனியாகப் பயின்றால்தான் வாசிக்க முடியும்.

1066இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து நார்மன்கள் இங்கிலாந்தின் மீது படையெடுத்த பின் பிரெஞ்சுச் சொற்கள் குவிந்தன. ஏற்கெனவே தேய்ந்துவந்த விகுதிகள் பெரும்பாலும் உதிர்ந்தன. அது இடைக்கால ஆங்கிலம், 1400இல் மறைந்த ஆங்கிலக் கவிஞர் சாசரின் மொழி. ஷேக்ஸ்பியர் (1564–1616) எழுதியது தொடக்க நவீன ஆங்கிலம். 'தௌ' (thou, நீ), 'ஹாத்' (hath, இன்றைய has) போன்ற வழக்கொழிந்த வடிவங்களே பலரைக் குழப்புகின்றன. தேர்வில் 'பழைய ஆங்கிலம்' என்று எழுதினால் விடை ஐந்து நூற்றாண்டு தள்ளிப் போய்விடும்.