கிணற்றடிச் சோதனை

(மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஆரையம்பதி. ஒக்டோபர் கடைசி, மாரி தொடங்கிவிட்டது. கொழும்பில் வேலை செய்யும் மருமகன் லீவில் வந்து விறாந்தையில் மடிக்கணினியோடு இருக்கிறான். மாமி இறால் உரிக்கிறார்.)

மருமகன்: மாமி, 31ஆம் திகதி ஹாலோவீன், வெள்ளைக்காரரின் பேய் நாள். கூட்டாளிமார் இரவைக்கு இங்கே வருவார்கள், பழைய பேய்ப்படம் பார்க்கப் போகிறோம். எது முதலாம் இடம், எது இரண்டாம் இடம் என்று இப்போதே வரிசை போடுகிறேன்.

மாமி: எதை வைத்துப் போடுகிறாய்?

மருமகன்: ஒளிப்பதிவு, இசை, நடிப்பு, பிறகு வந்த படங்களில் அதன் தாக்கம்...

மாமி: அது சோதனைத் தாள் திருத்துகிற ஆட்களுக்கு. படம் முடிந்த கையோடு தனியாகக் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளிக் கால் கழுவிவிட்டு வர முடிந்தால் அது பேய்ப்படமே இல்லை. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் நாங்கள் வீடியோ டெக்கும் டீவியும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து விடியவிடியப் பார்த்த காலத்தில் அப்படித்தான் மார்க்ஸ் போட்டோம்.

மருமகன்: சரி, அப்படியே போடுவோம். 1922, நொஸ்ஃபெராட்டு. ஜெர்மன்காரர் எடுத்த மௌனப் படம். டிராகுலா கதையை உரிமை வாங்காமல் எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றிவிட்டார்கள். கதை எழுதினவரின் மனைவி வழக்குப் போட்டு, கொப்பி எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லித் தீர்ப்பும் வந்தது.

மாமி: அழித்தார்களா?

மருமகன்: அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தப்பிவிட்டது. அதனால்தான் இன்றைக்கும் பார்க்கிறோம்.

மாமி: பேயைவிடக் கள்ளக் கொப்பிக்கு ஆயுள் கெட்டி. கிணற்றடிக்குப் போவேன். அடுத்தது?

மருமகன்: 1960, சைக்கோ. குளியலறைக் கொலை.

மாமி: திரையை இழுத்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் யார் வருகிறார்கள் என்றே தெரியாமல் குளித்தால் அப்படித்தான். நாங்கள் கிணற்றடியில் குளித்தால் நாலு வளவுக்கும் தெரியும். கத்தியோடு வருகிறவனைப் படலையிலேயே மறித்து, ஆரைத் தேடி வந்த நீங்கள், எந்த ஊர், என்ன குடி என்று பக்கத்து வீட்டு மச்சாள் விசாரித்து முடிக்க முதல் நான் தலை துவட்டிவிடுவேன்.

மருமகன்: இசையைச் சொல்லுங்கள் மாமி! அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் படத்தை எடுத்த ஹிட்ச்கொக் இருந்தாராம். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின் வகையறாவை மட்டும் வைத்துக் கீச்சென்று போட்டுக் காட்டின பிறகுதான் மனம் மாறினார். கறுப்பு வெள்ளைப் படம்தானே, இரத்தத்துக்குச் சொக்லேட் பாணியை ஊற்றிச் சமாளித்தார்கள்.

மாமி: எறும்பு மொய்த்திருக்குமே.

மருமகன்: அடுத்தது 1973, எக்ஸோர்சிஸ்ட். ஒரு பிள்ளைக்குப் பேய் பிடித்த கதை.

மாமி: (இறாலைக் கீழே வைத்து) அந்தப் பிள்ளைக்குச் சுகமா?

மருமகன்: என்ன மாமி?

மாமி: நாங்கள் பார்க்கும்போது பாதியில் ஜெனரேட்டருக்கு எண்ணெய் முடிந்துபோச்சு மனே. விடிந்ததும் டெக்காரன் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய்விட்டான். பிள்ளைக்குச் சுகம் வந்தால் கண்ணகி அம்மனுக்குப் பொங்குகிறேன் என்று நேர்ந்தது அப்படியே கிடக்கு.

மருமகன்: சுகம் வந்துவிட்டது. இரண்டு பாதிரிமாரும்தான் செத்துப்போனார்கள்.

மாமி: பாவம். எத்தனை டொக்டர், எத்தனை எக்ஸ்ரே! மட்டக்களப்பான் மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்டிவிடுவான் என்று யாழ்ப்பாணத்தார் சும்மாவா சொன்னார்கள்? கட்டிலோடு குதித்த பிள்ளைக்கு அதுதானே மருந்து. இங்கேயிருந்து ஒரு ஆளை அனுப்பியிருந்தால் படம் அரை மணித்தியாலத்தில் முடிந்திருக்கும்.

மருமகன்: மூச்சு விடும்போது புகை வருமே, அதற்காக அறையையே ஐஸ் பெட்டி மாதிரிக் குளிராக்கித்தான் எடுத்தார்களாம்.

மாமி: நுவரெலியாவில் காலையில் பால்காரனுக்கும்தான் வரும்.

மருமகன்: 1978, ஹாலோவீன். படத்தின் பெயரே அதுதான். சுமார் 3 லட்சம் டொலரில் எடுத்தது. கொலைகாரனின் முகமூடி, ஸ்டார் ட்ரெக் என்ற டீவித் தொடரில் வருகிற கப்டனின் முகமூடியைக் கடையில் வாங்கி வெள்ளை அடித்தது. கதை நடப்பது இலையுதிர் காலத்தில், படம் எடுத்ததோ வசந்தத்தில். அதனால் இலைக்குப் பெயின்ட் அடித்து முற்றத்தில் கொட்டி, காட்சி முடிந்ததும் பொறுக்கி, அடுத்த தெருவில் மறுகாவும் கொட்டினார்களாம்.

மாமி: முற்றம் கூட்டுகிற வேலைக்குச் சினிமாவில் சம்பளமா? அந்தப் படத்துக்கும் போவேன். பொழுதுபட்ட பிறகு கூட்டினால் சீதேவி போய்விடும் என்று மட்டும் அவர்களிடம் சொல்லு.

மருமகன்: கடைசி. 1998, ஜப்பான்காரரின் ரிங். ஒரு வீடியோக் கெசட், பார்த்தவன் 7 நாளில் சாவான்.

மாமி: தப்ப வழியே இல்லையா?

மருமகன்: கொப்பி அடித்து இன்னொருவனுக்குக் காட்டினால் தப்பலாம்.

மாமி: அப்படியென்றால் எங்கள் டெக்காரனுக்குச் சாவே இல்லை!

மருமகன்: சிரிக்காதீர்கள். சடாக்கோ என்று ஒருத்தி, முகத்தை மறைத்துத் தலைமயிர், டீவிக்குள் இருந்து தவழ்ந்து வெளியே வருவாள். நடிகையைப் பின்பக்கமாக நடக்கவிட்டு, அதைப் பின்னிருந்து முன்னாக ஓட்டினார்கள், அதுதான் அந்த நடை மனித நடை மாதிரியே இருக்காது.

மாமி: டீவிக்குள் எங்கேயிருந்து வந்தாள்?

மருமகன்: அவளைத் தள்ளிவிட்ட இடத்திலிருந்து. கிணறு.

(மாமி இறால் சட்டியை எடுக்கிறார், வைக்கிறார், மறுபடி எடுக்கிறார்.)

மாமி: என்ன கிணறு? குழாய்க் கிணறா?

மருமகன்: கல்லுக்கட்டுக் கிணறு. எங்களுடையது மாதிரி.

மாமி: அதுதான் முதலாம் இடம். எழுது. கையோடு போய் இந்த இறாலையும் கழுவிக்கொண்டு வா.

மருமகன்: மாமி, கிணற்றுக்கு ஒரு இரும்பு மூடி அடிக்க எவ்வளவு வரும்?

மாமி: ஏன்?

மருமகன்: நுளம்பு மாமி. மாரி தொடங்கிவிட்டதே, டெங்கு.