கடைசி வரியில் வரும் பெயர்

செய்தி ஏஜென்சிகளில் இருந்து வரும் வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்தச் செய்திகளில் எல்லாம் முடிந்த பிறகு அடியில் ஒரு வரி இருக்கும், கூடுதல் தகவல்கள் இன்னார், இன்ன ஊரிலிருந்து என்று. பல வருடங்களாக நான் முதலில் வெட்டியது அந்த வரியைத்தான். இடம் போதாது, வாசகருக்கு அந்தப் பெயர் தெரியாது, எப்படி உச்சரிப்பது என்று எனக்கும் தெரியாது, வெட்டினால் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. அதே நான், போர்முனையில் நிருபர்கள் சாகிறார்கள் என்று யாராவது எழுதினால் மனம் நொந்து பகிர்ந்தும் இருக்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று உறைக்க ரொம்ப நாள் ஆனது.

அஜ்மல் நக்ஷ்பந்தியின் கதையைப் படித்தபோதுதான் உறைத்தது. 2007 மார்ச்சில் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் பகுதிக்கு ஓர் இத்தாலியப் பத்திரிகையாளர் போகிறார், டேனியல் மஸ்த்ரோஜாகமோ. கூட வழிகாட்டியும் மொழிபெயர்ப்பாளருமாக அஜ்மல், வண்டி ஓட்ட சையது ஆகா. மூன்று பேரையும் தாலிபான் பிடித்துக்கொண்டது. ஓட்டுநரைக் கழுத்தறுத்துக் கொன்றார்கள். இத்தாலியருக்காகப் பேச்சுவார்த்தை நடந்தது, சிறையில் இருந்த ஐந்து தாலிபான்களை விட்டார்கள், அவர் வீடு போய்ச் சேர்ந்தார். அஜ்மலை விடவில்லை. ஏப்ரலில் அவரையும் கொன்றார்கள். ஒரே வண்டியில் போன மூன்று பேர், திரும்பியது ஒருவர். அந்த இத்தாலியர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரும் சாவின் விளிம்புக்குப் போய் வந்தவர்தான். ஆனால் ஓர் உயிருக்கு விலை பேச ஓர் அரசாங்கம் இருந்தது, மற்ற இரண்டுக்கும் அப்படி யாரும் இல்லை என்பதை என்னால் விழுங்க முடியவில்லை.

அஜ்மல் செய்த வேலையைச் செய்பவர்களை ஃபிக்ஸர் என்பார்கள். நான் வெட்டிய அந்தக் கடைசி வரியில் இருப்பது பல நேரம் இப்படி ஓர் உள்ளூர்க்காரரின் பெயர்தான். எந்தச் சாலையில் கண்ணிவெடி இருக்கிறது, எந்தச் சோதனைச் சாவடியில் யார் நிற்கிறார்கள், எந்தத் தளபதியிடம் எந்த உறவுக்காரர் மூலம் பேசலாம், எந்த வார்த்தையைச் சொன்னால் துப்பாக்கி தாழும் என்று எல்லாம் தெரிந்தவர் அவர்தான். வெளிநாட்டு நிருபர் இரண்டு வாரத்தில் விமானம் ஏறிவிடுவார். இவர் அதே ஊரில், அதே தெருவில் இருப்பார், எழுதப்பட்ட செய்தியால் யாருக்குக் கோபம் வந்ததோ அவர்கள் இவர் வீட்டு வாசலைத் தெரிந்து வைத்திருப்பார்கள். 2022 மார்ச்சில் கீவ் அருகே ஹொரெங்காவில் ஃபாக்ஸ் நியூஸ் குழுவின் வாகனம் தாக்கப்பட்டபோது ஒளிப்பதிவாளர் பியர் ஸக்ஷெவ்ஸ்கியோடு இறந்தவர் ஒலெக்சாண்ட்ரா குவ்ஷினோவா. வயது 24. அந்த நாட்டுப் பெண், அந்தக் குழுவின் ஃபிக்ஸர்.

"ஜர்னலிஸ்ட்" என்ற சொல்லையே கவசமாக நம்பிக் கத்தியவர்கள் உண்டு. 2001 ஏப்ரலில் இலங்கையில் புலிகள் வசமிருந்த வன்னிக்குள் போய் அங்குள்ள மக்களின் நிலையை எழுதிவிட்டு இரவில் ராணுவத்தின் பகுதிக்குத் திரும்பும்போது, தான் பத்திரிகையாளர் என்று கத்தினார் அமெரிக்க நிருபர் மேரி கொல்வின். ராணுவத்தின் பக்கமிருந்து வந்த குண்டில் இடது கண் போனது. அப்புறமும் பதினோரு வருடம் கறுப்புக் கண்மறைப்போடு போர் போராய்ப் போய், 2012 பிப்ரவரியில் சிரியாவின் ஹோம்ஸில் இறந்தார், உடன் புகைப்படக்காரர் ரெமி ஓஷ்லிக். 2009 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் பகுதியில் சுல்தான் முனாதி கத்தியதும் அதே சொல்தான். நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஸ்டீபன் ஃபாரலோடு கடத்தப்பட்ட ஆப்கான் பத்திரிகையாளர், மொழிபெயர்ப்பாளர் அவர், பிரிட்டிஷ் கமாண்டோக்கள் மீட்க வந்த இரவில் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார், சுடப்பட்டார். ஃபாரல் பிழைத்தார். கொல்வின் பெயர் நமக்கெல்லாம் தெரியும், தெரியத்தான் வேண்டும். முனாதியின் பெயரை இந்தப் பதிவைப் படிக்கும் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

வன்னியைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2009-ல் கடைசிக் கட்டப் போரின்போது வெளி நிருபர்கள் சுதந்திரமாக உள்ளே போக முடியவில்லை. உள்ளே இருந்து செய்தி சொன்னவர்கள் அந்த மக்களோடு மக்களாக இடம்பெயர்ந்துகொண்டே சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவரான புண்ணியமூர்த்தி சத்தியமூர்த்தி அந்த பிப்ரவரியில் எறிகணை வீச்சில் இறந்தார். வெளியாட்களை விடாமல் கதவைச் சாத்தினால், உள்ளூர்க்காரர்தான் நிருபர், அவர்தான் சாட்சி, பல நேரம் அவரேதான் செய்தி.

காஸாவில் இதன் முழு உருவத்தைப் பார்த்தோம். 2023 அக்டோபரில் இருந்து வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் தாங்களாக உள்ளே போய் எழுத இஸ்ரேல் விடவில்லை. பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவான சிபிஜேயின் கணக்கில் 2024-ல் மட்டும் உலகம் முழுக்கக் கொல்லப்பட்ட ஊடகத்தினர் 124 பேர், அதில் 82 பேர் பாலஸ்தீனியர்கள். அந்த 124-ல் எந்த நிறுவனத்திலும் நிரந்தர வேலையில் இல்லாத ஃப்ரீலான்ஸ்காரர்கள் 43. எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்காது. சமர் அபு தக்காவைச் சொல்கிறேன். அல் ஜசீரா ஒளிப்பதிவாளர். 2023 டிசம்பர் 15 அன்று கான் யூனிஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் தாக்குதல். கூட இருந்த நிருபர் வயில் அல் தஹ்தூ கையில் காயத்தோடு நடந்து வெளியே வந்துவிட்டார். சமரால் நடக்க முடியவில்லை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆம்புலன்ஸ் அவரை நெருங்க முடியவில்லை என்று அவருடைய நிறுவனம் சொன்னது. ரத்தம் போய்ப் போய் இறந்தார். அந்த வயில், ஏற்கெனவே அக்டோபரில் மனைவி, மகன், மகள், பேரன் நான்கு பேரையும் இழந்தவர். ஜனவரியில் மூத்த மகன் ஹம்சாவையும் இழந்தார், அந்தப் பையனும் பத்திரிகையாளர்.

"சட்டை போட்டிருந்தார்களே" என்பார்கள். குண்டு துளைக்காத சட்டை என்ற பெயரை நம்ப வேண்டாம். உள்ளே கெட்டியான தட்டு வைக்காத சட்டை சிதறலையும் கைத்துப்பாக்கிக் குண்டையும் தடுக்கும், ரைஃபிள் குண்டுக்கு அது துணிதான். தட்டு வைத்தால் பத்து கிலோவைக்கூடத் தாண்டலாம், அப்போதும் அது மறைப்பது நெஞ்சையும் முதுகையும் மட்டுமே. கழுத்து, அக்குள், தொடை எல்லாம் வெளியே. அல் ஜசீரா நிருபர் ஷிரீன் அபு அக்லே 2022 மே மாதம் பாலஸ்தீன மேற்குக் கரையின் ஜெனினில் சட்டையும் போட்டிருந்தார், தலைக்கவசமும் போட்டிருந்தார், பிரஸ் என்று பெரிதாக எழுதியும் இருந்தது. கவசத்தின் விளிம்புக்குக் கீழே பாய்ந்தது குண்டு. லெபனானில் ராய்ட்டர்ஸின் இஸாம் அப்துல்லா 2023 அக்டோபரில் இறந்தபோது அந்தக் குழு ஒரு திறந்த மேட்டில் எல்லாருக்கும் தெரியும்படி நின்று நேரலை ஓட்டிக்கொண்டிருந்தது. 37 விநாடி இடைவெளியில் இரண்டு எறிகணைகள். பிரெஞ்சுச் செய்தி நிறுவனமான ஏஎஃப்பியின் கிறிஸ்டினா அஸ்ஸி ஒரு காலை இழந்தார். பத்திரிகையாளரைப் பொதுமக்களாகவே நடத்த வேண்டும் என்று ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977 கூடுதல் நெறிமுறையில் எழுதி வைத்திருக்கிறார்கள். தண்டனை பெற்ற தளபதி யார் என்று தேடிப் பார்த்தால்தான் அந்த எழுத்தின் மதிப்பு தெரியும்.

எனக்குப் பெரிய கோரிக்கைகள் இல்லை. அனுப்புகிற நிறுவனம் தன் நிருபருக்கு என்ன சட்டை, என்ன காப்பீடு, என்ன பயிற்சி கொடுக்கிறதோ அதையே ஃபிக்ஸருக்கும் ஓட்டுநருக்கும் கொடுக்கட்டும். தொடையில் குண்டு பாய்ந்தால் எங்கே இறுக்கிக் கட்டுவது, கட்டிய நேரத்தை ஏன் எழுதி வைப்பது என்று சொல்லிக் கொடுப்பது ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது, சில நாள் பயிற்சி. 2011-ல் லிபியாவின் மிஸ்ரட்டாவில் போர்ப் புகைப்படக்காரர் டிம் ஹெதரிங்டன் ரத்தப்போக்கில் இறந்த பிறகு அவர் நண்பர் செபாஸ்டியன் யுங்கர் ஃப்ரீலான்ஸ்காரர்களுக்கு இந்தப் பயிற்சியை இலவசமாகவே ஆரம்பித்தார். ஒரு தனிமனிதர் நண்பனைப் பறிகொடுத்துச் செய்ததைப் பெரிய நிறுவனங்கள் முதல் நாளிலேயே செய்திருக்க வேண்டும். படம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறவர்கள், அவர் திரும்பி வராவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே பேசிவிடட்டும்.

பெயர் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சில ஊர்களில் பெயரைப் போடுவதே அவருக்கு ஆபத்து. பாதுகாப்பு கருதிப் பெயர் தவிர்க்கப்படுகிறது என்று ஏஜென்சியே குறிப்பு அனுப்பும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் அவர் போடச் சொல்லி, ஏஜென்சியும் போட்டு அனுப்பிய பெயரை வெட்ட இங்கே குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு என்ன உரிமை?

போன வாரம் ஒரு நீண்ட செய்தி. பக்கத்தில் அடங்கவில்லை. புதிதாகச் சேர்ந்த தம்பி அந்தக் கடைசி வரியைத் தேர்வு செய்து வைத்துக்கொண்டு, "இதை எடுத்துடலாமா அண்ணா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். செய்தி அனுப்பிய ஏஜென்சிக்கு மெயில் போட்டு உச்சரிப்பைக் கேட்டு வாங்கினோம், தமிழில் எழுதினோம். இடத்துக்கு என் மொழிபெயர்ப்பில் இருந்து ஒரு பத்தியை எடுத்தோம்.