இல்லாத நோய்க்கு எதற்குப் பத்தியம்?

போன வாரம் நாகர்கோவிலில் ஒரு திருமணம். பந்தியின் கடைசியில் போளி வந்தது. அதன் மேல் ஊற்றப் பால்பாயசம் வந்தது. நான் இலைக்குக் குறுக்கே கையை வைத்தேன். பரிமாறிய பையன் வாளியோடு நின்றான். பக்கத்து இலையில் இருந்த சித்தி என் மணிக்கட்டைப் பிடித்து விலக்கிவிட்டு, "நீ ஊற்று தம்பி" என்றார். "வேண்டாம் சித்தி, எனக்குப் பார்டரில் இருக்கிறது" என்றேன். "பார்டர்தானே, சுகர் இல்லையே? இல்லாத நோய்க்கு எதற்கு மக்களே பத்தியம்?" என்றார். எதிர்வரிசை வரை சிரித்தார்கள். பாயசம் இலையில் விழுந்துவிட்டது.

சித்தி என்னைத் தூக்கி வளர்த்தவர். அவர் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் எட்டு நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதே கேள்வியைப் பத்து மாதமாக ஆளாளுக்கு ஒரு விதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பத்து மாதத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 112, மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.1, எடை 74 கிலோ. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே என்றால் இயல்பு, 126-ஐத் தொட்டால் நீரிழிவு. சராசரி 5.7-க்குக் கீழே என்றால் இயல்பு, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. நான் இரண்டுக்கும் நடுவில். காகிதத்தைப் பார்த்த மருத்துவர், "ஒன்றும் இல்லை, பார்டர்தான். அரிசியைக் குறையுங்கள், நடங்கள், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு மணியை அடித்தார். அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார். அரிசியைக் குறைத்து எதைக் கூட்டுவது, எவ்வளவு நேரம் நடப்பது, எடையில் எத்தனை கிலோ குறைய வேண்டும், வீட்டில் எப்போது குத்திப் பார்ப்பது? ஒரு வார்த்தை இல்லை. இரண்டு மணி நேரம் காத்திருந்து வாங்கிவந்தது "ஒன்றும் இல்லை" என்ற இரண்டு சொல்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் பார்டர் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கேரள எல்லையான களியக்காவிளையில் நிற்கிற பஸ் அங்கேயே நின்றுகொண்டிருக்காது. ஒன்று திருவனந்தபுரத்துக்குப் போகும், இல்லையென்றால் மார்த்தாண்டத்துக்குத் திரும்பும். இதுவும் அப்படித்தான். சென்னையில் இப்படிப் பார்டரில் இருந்த 531 பேரை வைத்து நடந்து 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் மூன்றே ஆண்டில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்காரர்கள் ஆனார்கள். உணவும் நடையும் சொல்லிக்கொடுத்து விடாமல் பின்தொடரப்பட்டவர்களில் அது ஏறத்தாழ 39. அமெரிக்காவில் 2002-இல் வெளியான பெரிய ஆய்வில் உடல் எடையில் 7 சதவீதம் குறைத்து வாரம் 150 நிமிடம் நடப்பதை இலக்காக வைத்தார்கள். நீரிழிவு வரும் ஆபத்து 58 சதவீதம் குறைந்தது. நூற்றில் பாதிக்கு மேல் மூன்று ஆண்டில் விழுகிற பள்ளம் எப்படி ஐயா "ஒன்றும் இல்லை" ஆகும்? 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு இந்த நிலையில் நாட்டில் 13.6 கோடிப் பேர் இருப்பதாகக் கணக்கிட்டது. அத்தனை பேரிடமும் இதையே சொல்லியா அனுப்பப்போகிறோம்?

எனக்கு இவ்வளவு ஆத்திரம் வருவதற்குக் காரணம் வேறு. அந்தப் பரிசோதனைக்குப் பிறகு அப்பாவின் பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். வங்கிக் கணக்குப் புத்தகங்களுக்கு அடியில், மடித்த இடத்தில் பழுப்பேறிப்போன ஒரு பரிசோதனைக் காகிதம். 2009. வெறும் வயிற்றில் 118. எண்ணுக்கு அடியில் நீல மையில் ஒரு கோடு, அவ்வளவுதான். அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்து சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "ஒன்றும் இல்லையாம்." எல்லோருக்கும் நிம்மதி. அன்று மாலை திங்கள்சந்தையிலிருந்து ஒரு சீப்பு ஏத்தம்பழம் வாங்கிவந்தார். 2013-இல் மாத்திரை. 2019-இல் இன்சுலின். இப்போது இரண்டு கண்ணிலும் விழித்திரைக்கு லேசர் வைத்தாகிவிட்டது. செய்தித்தாளை நான் வாசித்துச் சொல்கிறேன். அந்த நீலக் கோட்டைப் போட்ட கை இன்னும் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் என்ன?

எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. நானே குளுக்கோமீட்டர் வாங்கி, ஒரு ஸ்ட்ரிப்புக்கு இருபது ரூபாய் வீதம் செலவழித்துக் கற்றுக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை மதியம் ஒரு தட்டு மரச்சீனி (மரவள்ளி) கிழங்கும் சாளை மீன் கறியும். சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 178. அடுத்த சனிக்கிழமை அதே கிழங்கில் நான்கு துண்டு மட்டும். முதலில் முருங்கைக்கீரைத் துவரனையும் மீனையும் பாதி வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிழங்கைத் தொட்டேன். பிறகு சானல் (வாய்க்கால்) கரையில் கால் மணி நேரம் நடந்தேன். 136. திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் ஊரெங்கும் பரவி, அரிசி கிடைக்காத நாட்களில் நம் தாத்தா பாட்டிகளைக் காப்பாற்றிய கிழங்கு அது. அதை விடச் சொல்லி யாரும் என்னிடம் வர வேண்டாம். எவ்வளவு, எதோடு, எதற்குப் பிறகு என்பதைச் சொன்னால் போதும். அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

இன்னொரு நாள் சக்கை (பலாப்பழம்) வெட்டிச் சுளை எடுத்துக்கொடுத்தேன். ஒரு சுளை கூட வாயில் போடவில்லை. கையில் ஒட்டிய பாலைத் தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடைத்துவிட்டுக் குத்திப் பார்த்தேன். 231! கை நடுங்கிவிட்டது. அப்பாவின் முகம்தான் கண்முன் வந்தது. அழுதுகொண்டே சோப்புப் போட்டுக் கழுவி, வேறு விரலில் குத்தினேன். 118. விரலில் இருந்த பழச்சாறு. கையைக் கழுவி ஈரம் துடைத்துவிட்டுப் பாருங்கள் என்று சொல்ல எத்தனை விநாடி ஆகும்? கருவியை விற்ற கடைக்காரர் சொல்லியிருக்கலாம். மருத்துவமனையில் யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம்.

சொல்ல வேண்டியவர்கள் வாயைத் திறப்பதில்லை. சொல்லக் கூடாதவர்கள் மூடுவதில்லை. கருப்பட்டி போட்டால் சுகர் ஏறாதாம். பனையிலிருந்து வந்தாலும் கரும்பிலிருந்து வந்தாலும் அதில் பெரும்பங்கு அதே சர்க்கரைதானே? தேன் மருந்தாம், அதனால் இரண்டு கரண்டி விடலாமாம். சிவப்புச் சம்பா அரிசி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாமாம். தவிடு இருப்பதால் கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். மூன்று கரண்டிச் சோறு மூன்று கரண்டிச் சோறுதான். இதையெல்லாம் எனக்குச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் காலையில் மாத்திரை விழுங்குகிறவர்கள். அதுதான் என் வயிற்றை எரிக்கிறது.

நடப்பதற்காவது நிம்மதி உண்டா? விடியற்காலையில் சாலையோரம் நடந்தால் பாறையும் மண்ணும் ஏற்றிய டாரஸ் லாரிகள் காதோரம் உரசிப் போகின்றன. நடைபாதை இருக்க வேண்டிய இடத்தில் ஓடை. சானல் கரைக்குப் போனால் நாய். எடை குறைந்தால் அதற்கும் விசாரணை. பத்து மாதத்தில் ஐந்தரைக் கிலோ குறைத்திருக்கிறேன், என் எடையில் 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. மூன்று மாதச் சராசரி 5.8-க்கு வந்திருக்கிறது. இதற்கு ஒருவர், ஒரே ஒருவர், "நன்றாகச் செய்தாய்" என்று சொல்லவில்லை. "கன்னம் ஒட்டிப்போயிற்றே மைனி, வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்கிறார்கள். என் கணவரைத் தனியே கூப்பிட்டு, "பெரிய ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடுங்கள் அத்தான்" என்கிறார்கள். 74 கிலோவில் மூச்சிரைக்க மாடிப்படி ஏறியபோது யாருக்கும் கவலை இல்லை. அன்றைக்கு நான் கொழுகொழுவென்று லட்சணமாக இருந்தேனாம்.

நோய் வந்தபின் இதே ஊர் எவ்வளவு அன்பாகிவிடுகிறது என்பதையும் அப்பா வழியாகப் பார்த்துவிட்டேன். அவர் இலைக்குப் பாயசம் வருவதே இல்லை. தூரத்திலேயே பரிமாறுகிறவரைத் தடுத்து, "அவருக்குச் சுகர், ஊற்றாதே" என்று சித்தியே சொல்கிறார். 2009-இல் அந்தக் கையை நீட்டித் தடுத்திருந்தால் அதற்கு அர்த்தம் இருந்தது. அன்றைக்கு ஊற்றினோம். கண் போனபிறகு தடுக்கிறோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தக்கலையில் மாமா மகளுக்கு நிச்சயதார்த்தம். நான் வருவேன். பருப்பு, அவியல், எரிசேரி எல்லாம் உண்பேன். சோறு ஒரு கரண்டி. போளி வரும்போது கையை இலைக்குக் குறுக்கே வைப்பேன், இந்தத் தடவை எடுக்க மாட்டேன். சித்தி, நீங்கள் என் பக்கத்து இலையில்தான் உட்கார வேண்டும். பரிமாறுகிற பையன் வாளியோடு வந்து நிற்கும்போது, அப்பாவுக்குச் சொல்வதைப் போல எனக்கும் நீங்களே சொல்லுங்கள்: "இவளுக்கு ஊற்றாதே தம்பி."