பார்ட்டுக்கு ரிட்டன் இருக்கு, லேபருக்கு இல்ல

என் வண்டி பல்சர் 150, 2011 மாடல். போன மாசம் முன்னாடி ஃபோர்க்ல, அதாவது முன் சக்கரத்து ஷாக் அப்சார்பர் பைப்புல, ஆயில் கசிய ஆரம்பிச்சுது. ஷோரூம் பார்ட்ஸ் கவுண்டர்ல கேட்டா, ஆயில் வெளிய வராம தடுக்குற ரப்பர் வளையம், அந்த சீல் ஸ்டாக் இல்ல சார், அட்வான்ஸ் கட்டுங்க, ஒரு வாரம் ஆகும்னாங்க. வீட்டுக்கு வந்து ஃபோன்ல ஆன்லைன்ல தேடுனா "பல்சர் 150க்கு பொருந்தும்"னு 80 ரூபா கம்மியாவே கெடச்சுது, ரெண்டே நாள்ல கைக்கும் வந்துருச்சு.

மெக்கானிக் அண்ணன் வீல கழட்டி, ஃபோர்க்க உருவி, கரேல்னு இருந்த ஆயில டப்பால வடிச்சுட்டு புது சீல பைப்புல மாட்டுறாரு, வளையல் மாதிரி சுத்துது. பிற்காலத்துல வந்த டபுள் டிஸ்க் மாடலுக்கு 37 எம்எம் பைப்பாம், நம்மளுது 31. ரெண்டுக்கும் பேரு பல்சர் 150 தான், வித்தவனுக்கும் தெரியல வாங்குன எனக்கும் தெரியல.

ரிட்டன் போட்டேன், காசு வந்துருச்சு, அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா ஃபோர்க் கழட்டுன கூலியும், நான் ரெண்டு நாள் பஸ்ல தொங்குனதும் யாரு கணக்கு?

கடைசில பழைய சீல பேப்பர்ல சுத்தி எடுத்துக்கிட்டு சென்னைல ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்குற ஜிபி ரோடு போனேன். கவுண்டர்ல இருந்த பெரியவர் என்ன வண்டின்னு கூட கேக்கல, ஓரத்துல இருந்த அழுக்க கட்டைவிரலால தேச்சு, பொறிச்சிருந்த நம்பர வெளிச்சத்துல பாத்துட்டு மேல் ரேக்குல கைய விட்டு எடுத்துக் குடுத்தாரு. எம்ஆர்பிலயே குடுத்தாரு, பேரம் பேச எனக்கு வாயே வரல.

அதுக்காக டீலர் எல்லாம் ஒழுங்குன்னு சொல்ல வரல. வாரண்டி முடிஞ்சு பல வருஷம் ஆன வண்டிக்குக் கூட வெளிய வாங்குனா வாரண்டி போயிடும் சார்னு பயமுறுத்துவாங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து பைக் பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆயிடுச்சு, அதனால பில்லுல எத்தன பர்சன்ட் போட்டுருக்குன்னு ஒரு தடவ பாத்துக்கங்க.

சீட் கவர், மொபைல் ஹோல்டர், லெக் கார்டு இதெல்லாம் தாராளமா ஆன்லைன்ல வாங்கலாம். ஆர்எக்ஸ் 100 வச்சிருக்கவங்க பாடு வேற, 1996லயே தயாரிப்பு நின்ன வண்டிக்கு பழைய பார்ட்ஸ் விக்குற புதுப்பேட்டையும் ஆன்லைனும் தான் கதி. ஆனா பிரேக் ஷூ, டிஸ்க் பேட், கிளட்ச் பிளேட், செயின் செட் மட்டும் கையில தொட்டுப் பாத்து வாங்குங்க. பார்சல்ல வந்த ஒரு பேட் பாக்கெட்ல ஹோலோகிராம நகத்தால சுரண்டுனேன், முழுசா உரிஞ்சு வந்துச்சு, கீழ இன்னொரு விலை ஸ்டிக்கர்! பார்ட் நம்பர் கரெக்டா தெரியும், விக்குறவனும் கம்பெனியோட நேரடி ஆளுன்னா ஆன்லைன் ஓகே தான், ஆனா அந்த நம்பர கண்டுபிடிக்கவே முக்காவாசி நேரம் கவுண்டருக்குத் தான் போக வேண்டியிருக்கு.

இப்பல்லாம் மெக்கானிக் அண்ணன் என்னப் பாத்தாலே "என்ன தம்பி, பார்சல் எதாச்சும் வந்துருக்கா"ங்குறாரு.